எந்த சிம் போட்டாலும் ஹாட்ஸ்பாட் ஓட ஒரே ஆப் இருக்கிறதா?

கேள்வி சுருக்கமாக இது: வேலை சிங்கப்பூரில், வார இறுதி ஜோகூர் பாருவில். ஒரே ஆண்ட்ராய்டு ஃபோனில் இரண்டு சிம். சிங்கப்பூர் சிம்மில் ஹாட்ஸ்பாட் போட்டால் மடிக்கணினி ஒழுங்காக ஓடுகிறது. உட்லண்ட்ஸ் தாண்டி மலேசிய சிம்முக்கு மாறினால் ஃபோனில் இணையம் பறக்கிறது, மடிக்கணினியில் ஊர்கிறது. வீட்டில் இருக்கும் பழைய ஐஃபோனில் அம்மாவின் சிம்மைப் போட்டால் ஹாட்ஸ்பாட் மெனுவே காணோம். அது ஒரு சின்ன டெல்கோவின் (தொலைத்தொடர்பு நிறுவனத்தின்) லைன். "எல்லா டெல்கோவுக்கும் வேலை செய்கிற, ஆர்வலர்கள் எழுதிய இலவச மென்பொருள் ஏதாவது சொல்லுங்கள், தேவைப்பட்டால் ரூட் பண்ணவும் தயார்."

அப்படி ஒரே ஆப் கிடையாது. ஹாட்ஸ்பாட் நின்றுபோக மூன்று நான்கு வேறு வேறு காரணங்கள் இருக்கின்றன, ஆர்வலர்கள் எழுதிய ஒவ்வொரு கருவியும் அதில் ஒன்றைத்தான் சரி செய்யும். உங்கள் வீட்டிலேயே இரண்டு தனித்தனி சிக்கல் இருக்கிறது. ஐஃபோனுடையது பெரும்பாலும் அமைப்புக் கோளாறு, ஆப்பே வேண்டாம். மலேசிய சிம்முடையது ஏறக்குறைய நிச்சயமாக டெல்கோ வைத்த அளவுக் கட்டுப்பாடு. ரூட் பண்ணுகிற (ஃபோனின் பூட்டுகளை உடைத்து முழு அதிகாரத்தையும் கையில் எடுக்கிற) பேச்சை அப்புறம் பார்ப்போம், ஆனால் இப்போதே கையை வைத்துவிடாதீர்கள்.

முதலில், ஒரே ஃபோன் ஏன் சிம்முக்கு சிம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது? சிம்மைச் செருகியதும் ஃபோன் அதன் அடையாள எண்ணின் முதல் ஐந்தாறு இலக்கங்களைப் படிக்கிறது. சிங்கப்பூர் என்றால் 525, மலேசியா என்றால் 502, அதன் பின்னால் டெல்கோவின் எண்: சிங்டெல் 01, எம்1 03, ஸ்டார்ஹப் 05. அந்த எண்ணை வைத்து, ஃபோனுக்குள் ஏற்கனவே இருக்கும் ஒரு அமைப்புத் தொகுப்பை எடுத்துப் போட்டுக்கொள்கிறது. எந்த ஏபிஎன் (டெல்கோவின் வலையிலிருந்து இணையத்துக்குள் நுழையும் வாசலின் பெயர்), ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி ஏபிஎன் வேண்டுமா, ஹாட்ஸ்பாட் போடும்முன் டெல்கோவிடம் அனுமதி கேட்க வேண்டுமா, எல்லாம் அதில் இருக்கும். ஆகவே நீங்கள் எதையும் மாற்றாமலே, சிம் மாறியதும் ஃபோனின் குணம் மாறிவிடுகிறது. சொந்த கோபுரம் இல்லாமல் அடுத்தவர் வலையில் ஓடும் சின்ன டெல்கோக்களில்தான் இந்தத் தொகுப்பு அடிக்கடி அரைகுறையாக இருக்கும்.

அம்மாவின் ஐஃபோனில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். செட்டிங்ஸில் மொபைல் டேட்டா நெட்வொர்க் என்ற பக்கத்தைத் திறந்தால் மேலே சாதாரண டேட்டாவுக்கான ஏபிஎன், நடுவில் எம்எம்எஸ், கீழே பெர்சனல் ஹாட்ஸ்பாட் என்று தனிப் பெட்டி இருக்கும். அந்தக் கடைசிப் பெட்டி காலியாக இருந்தால் மெனு காணாமல் போவது சகஜம். மேலே இருக்கும் அதே ஏபிஎன் பெயரை எழுத்துப் பிசகாமல் கீழேயும் போட்டு, ஃபோனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பெரும்பாலும் மெனு திரும்பி வரும். அந்தப் பக்கமே திறக்கவில்லை என்றால் டெல்கோ பூட்டி வைத்திருக்கிறது என்று அர்த்தம், அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும்: ஹாட்ஸ்பாட் பொத்தான் பச்சையாகிவிடும், மடிக்கணினியும் வைஃபையில் சேர்ந்துவிடும், ஆனால் "இணையம் இல்லை" என்று காட்டும். ஹாட்ஸ்பாட்டுக்கென்று டன் என்ற வகை ஏபிஎன் தனியாக வேண்டும் என்று தொகுப்பு சொல்லியிருக்கும், ஃபோன் அதைத் தேடும், கிடைக்காமல் கைவிரித்துவிடும். ஏபிஎன் பக்கத்தில் 'ஏபிஎன் டைப்' என்ற வரியைத் தேடுங்கள். அங்கே ஏற்கனவே இருக்கும் சொற்களுக்குப் பின்னால் ஒரு கமா போட்டு, இடைவெளி விடாமல், டி, யு, என் என்ற மூன்று ஆங்கில எழுத்தைச் சின்ன எழுத்தில் சேர்த்துச் சேமியுங்கள். மாற்ற விடாமல் மங்கலாக இருந்தால், கூட்டல் குறியைத் தட்டிப் புதிதாக ஒரு ஏபிஎன் உருவாக்கி, பழையதில் உள்ளதையெல்லாம் பார்த்து நிரப்பி, இந்த மூன்று எழுத்தை மட்டும் கூடுதலாகச் சேர்க்கலாம். கணினியில் ஏடிபி (ஆண்ட்ராய்டு ஃபோனுக்குக் கணினியிலிருந்து கட்டளை அனுப்பும் கருவி) வைத்திருப்பவர்கள் 'டெதர் டன் ரிக்வயர்ட்' என்ற உள்மதிப்பை பூஜ்யமாக்குவார்கள். அதற்கு ரூட் தேவையில்லை, ஆனால் எல்லா மாடலிலும் பலிக்காது.

சிங்கப்பூர் சிம்களில் வரும் தொல்லை பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும். இங்கே பல திட்டங்கள் இத்தனை ஜிபி என்று அளந்து விற்கப்படுபவை. ஃபோனில் செலவழித்தாலும் மடிக்கணினியில் செலவழித்தாலும் அதே ஜிபிதான் குறையும், அதனால் டெல்கோவுக்கு ஹாட்ஸ்பாட்டைத் தடுக்கப் பெரிய அக்கறை இருப்பதில்லை.

கடல் தாண்டினால் கணக்கு வேறு. 'அன்லிமிடெட்' என்று விற்கும் மலேசியத் திட்டங்கள் பலவற்றில், சின்ன எழுத்தில், ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் இத்தனை ஜிபி என்று போட்டிருப்பார்கள். அது தீர்ந்ததும் ஃபோன் பறக்கும், மடிக்கணினி ஊரும். நீங்கள் சொல்கிற அறிகுறி அச்சாக இதுதான். அந்த விலைக்கு அன்லிமிடெட் கொடுக்க முடிவதற்கே காரணம், ஒரு ஃபோன் திரை ஒரு நாளில் தின்னக்கூடிய டேட்டாவுக்கு ஓர் எல்லை இருக்கிறது என்பதுதான். மடிக்கணினி விண்டோஸ் அப்டேட் ஒன்றிலேயே அதை விழுங்கிவிடும்.

சரி, மடிக்கணினி இருப்பது டெல்கோவுக்கு எப்படித் தெரிகிறது? இதைப் புரிந்துகொண்டால் ஒவ்வொரு கருவியும் எதற்கு என்பது தானாக விளங்கும். ஹாட்ஸ்பாட் போட்ட ஃபோன் ஒரு குட்டி ரவுட்டர். மடிக்கணினிக்கு உள்முகவரி ஒன்று கொடுத்து, அது அனுப்புவதையெல்லாம் தன் முகவரியில் மாற்றி வெளியே அனுப்புகிறது. முகவரி மாறினாலும் தடயம் மிஞ்சும். இணையத்தில் டேட்டா சின்னச் சின்னப் பொட்டலங்களாக, பாக்கெட்டுகளாகப் போகும்; ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்ற எண் இருக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அதில் ஒன்று குறையும். ஆண்ட்ராய்டு, ஐஃபோன், மேக், லினக்ஸ் எல்லாம் 64-இல் தொடங்கும், விண்டோஸ் 128-இல். ஃபோனே அனுப்பும் பாக்கெட் 64 என்று கிளம்புகிறது. மேக்கிலிருந்து வந்தது ஃபோனைத் தாண்டியதும் 63, விண்டோஸிலிருந்து வந்தது 127. டெல்கோ பக்கத்தில் 63-உம் 127-உம் தென்பட்டால் பின்னால் வேறு கருவி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதனால்தான் மடிக்கணினியின் டிடிஎல்லை 65 ஆக்கு என்ற பழைய வைத்தியம். ஃபோனில் ஒன்று குறைந்து 64 ஆகிவிடும், வித்தியாசம் தெரியாது. மூன்று இயங்குதளத்திலும் ஒற்றை வரிக் கட்டளையில் மாற்றலாம், செலவில்லை, ஃபோனைத் தொட வேண்டியதில்லை. ஆனால் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை வந்தபிறகு இது மட்டும் போதாது. ஐபிவி6-இல் மடிக்கணினி பெரும்பாலும் தனக்கென்று சொந்த முகவரியோடு வெளியே போகிறது. அந்த முகவரியே காட்டிக்கொடுக்கும். அங்கே டிடிஎல் வேலையைச் செய்யும் ஹாப் லிமிட் என்ற எண்ணும் தனி. ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் பாதி பாக்கெட் நல்ல பிள்ளையாகவும் பாதி அகப்பட்டும் போகும், வேகம் ஏறி ஏறி இறங்கும்.

ரூட் செய்த ஃபோனிலேயே டிடிஎல்லைத் திருத்த விதி எழுதுபவர்களும் உண்டு. எழுதிவிட்டு ஒன்றுமே மாறவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். காரணம், டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'டெதரிங் ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது (டெதரிங் என்றால் ஃபோனின் இணையத்தை வேறு கருவிக்குப் பகிர்வது). அது போட்டிருந்தால் பாக்கெட்டுகள் இயங்குதளத்தின் மையமான கெர்னலைத் தொடாமல் மோடம் சிப் வழியாகவே பாய்ந்துவிடும், எழுதிய விதியை யாரும் படிப்பதே இல்லை. அதை அணைத்தால்தான் விதி வேலை செய்யும்.

இன்னொரு குடும்பக் கருவிகள் இந்தத் தடயப் பிரச்சினையை அடியோடு வேறு விதமாகத் தீர்க்கின்றன: ஃபோனை ரவுட்டராக்காமல் ப்ராக்ஸியாக்குவது. மடிக்கணினி ஃபோனில் இருக்கும் ஓர் ஆப்பிடம் "இந்தத் தளத்தைக் கொண்டு வா" என்று கேட்கிறது, ஆப் தானே புதிதாக ஓர் இணைப்பைத் தொடங்கிக் கொண்டுவந்து கொடுக்கிறது. வெளியே போகிற பாக்கெட் ஃபோனிலேயே பிறந்தது, எனவே டிடிஎல் 64, முகவரி ஃபோனுடையது, டன் ஏபிஎன் பேச்சே இல்லை. ரூட்டும் தேவையில்லை. டெதர்ஃபை என்பது இந்த வகையில் நான் முதலில் சொல்லுவது: மூலநிரல் திறந்தது, ஃபோனின் சாதாரண ஹாட்ஸ்பாட்டைத் தொடாமல் கருவிகளை நேருக்கு நேர் இணைக்கும் வைஃபை டைரக்ட் மூலம் ஒரு வலையை உருவாக்கி அதன்மேல் ப்ராக்ஸி வைக்கிறது. பிடிஏநெட் பழைய பெயர், பாம் கருவிகள் காலத்திலிருந்து இருக்கிறது, விண்டோஸுக்குத் தனி மென்பொருளும் தருகிறது. நன்றாக வேலை செய்யும், ஆனால் அது மூடிய வணிக மென்பொருள். டெர்மக்ஸ் (ஆண்ட்ராய்டில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் ஆப்) பழகியவர்கள் அதிலேயே எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்புச் சேவையை ஏற்றி, யுஎஸ்பி கேபிளில் ஏடிபி வழியாக இணைத்து, சாக்ஸ் என்ற வகை ப்ராக்ஸி ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். எனக்கு இதுதான் பிடிக்கும், கூடுதல் ஆப் எதுவும் வேண்டாம்.

வைஃபை டைரக்ட் வகையில் மடிக்கணினியில் செய்ய வேண்டியது: ஆப் காட்டும் வலைப்பெயரில் சேர்ந்து, ப்ராக்ஸி அமைப்பில் முகவரியும் போர்ட்டும் கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் முகவரி வழக்கமாக 192.168.49.1, போர்ட் ஆப்புக்கு ஆப் மாறும், திரையிலேயே எழுதியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் அந்த ப்ராக்ஸியை அணைக்க மறந்தால் வீட்டு வைஃபையிலும் எதுவும் திறக்காது, பாதிப் பேர் "உங்கள் ஆப் என் மடிக்கணினியைக் கெடுத்துவிட்டது" என்று சண்டைக்கு வருவது இதற்குத்தான்.

குறையும் இருக்கிறது. ப்ராக்ஸி அமைப்பை மதிக்கிற மென்பொருளுக்கு மட்டுமே இது வேலை செய்யும். உலாவி, மின்னஞ்சல் போகும். ஆன்லைன் விளையாட்டு போகாது, விளையாட்டுகள் பெரும்பாலும் பயன்படுத்தும் யுடிபி வகைப் பாக்கெட்டுகளை எளிய ப்ராக்ஸி கடத்தாது. ஜூம் மாதிரி அழைப்புகள் டிசிபி என்ற இன்னொரு அனுப்பும் முறைக்கு இறங்கி ஓடும், குரல் அவ்வப்போது உடையும். எல்லாவற்றையும் ப்ராக்ஸிக்குள் தள்ள மடிக்கணினியில் டன்-டு-சாக்ஸ் வகை மென்பொருள் (மேலே சொன்ன டன் ஏபிஎன்னோடு இதற்குச் சம்பந்தமில்லை) வைக்கலாம், அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

விபிஎன் (போக்குவரத்தை மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் முறை) பற்றியும் கேட்பார்கள் என்பதால்: ஃபோனில் விபிஎன் போட்டுவிட்டு ஹாட்ஸ்பாட் திறந்தால், ஆண்ட்ராய்டில் மடிக்கணினியின் போக்குவரத்து அந்த விபிஎன்னுக்குள் போகாது, பக்கவாட்டில் நேராக வெளியேறும். பலருக்கு இது தெரியாது. அதை உள்ளே திருப்பத்தான் விபிஎன் ஹாட்ஸ்பாட் என்ற திறந்தநிரல் ஆப், அதற்கு ரூட் வேண்டும். மடிக்கணினியிலேயே விபிஎன் போட்டால் உள்ளடக்கம் மறையும், டிடிஎல் மறையாது.

இந்தக் கருவிகள் பிறந்த கதையும் சுவாரஸ்யமானது. 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு ஃபோன் வந்தபோது அதில் ஹாட்ஸ்பாட்டே இல்லை, ரூட் செய்தவர்களுக்காக ஆர்வலர்கள் வைஃபை டெதர் என்ற ஆப்பை எழுதினார்கள். 2009-இல் அமெரிக்க டி-மொபைலின் விதிக்கு முரண் என்று கூகுள் அந்த வகை ஆப்களைத் தன் சந்தையிலிருந்து எடுத்தது, பிறகு டி-மொபைல் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் தடை என்று சுருக்கியது. அடுத்த ஆண்டே ஆண்ட்ராய்டு 2.2-இல் ஹாட்ஸ்பாட்டை கூகுளே உள்ளே வைத்துவிட்டது. அந்த 2010-இல்தான் ஆப்பிள் பக்கம் ஒரு வேடிக்கை: பதினைந்து வயதுப் பையன் ஒருவன் டார்ச்லைட் ஆப் என்று ஒன்றை அனுப்பி அனுமதி வாங்கினான், உள்ளே ஒளித்து வைத்திருந்தது ப்ராக்ஸி டெதரிங். விஷயம் வெளியே வந்ததும் ஆப்பிள் தூக்கிவிட்டது. 2012-இல் வெரைசன் டெதரிங் ஆப்களை கூகுள் சந்தையில் தடுக்கச் சொன்ன விவகாரத்தில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு 12.5 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது, ஏனென்றால் அவர்கள் ஏலத்தில் வாங்கிய அலைவரிசைக்கு "எந்தக் கருவியையும் எந்த ஆப்பையும் தடுக்கக் கூடாது" என்ற நிபந்தனை இருந்தது. அந்தத் தீர்வு அந்த அலைவரிசைக்கும் அந்த நாட்டுக்கும் உரியது. அதைக் காட்டி இங்கேயோ ஜோகூரிலோ டெல்கோவிடம் வாதாட முடியாது. உங்கள் திட்டத்தின் நிபந்தனையில் ஹாட்ஸ்பாட் இத்தனை ஜிபி என்று எழுதியிருந்தால் அதை ஏமாற்றுவது ஒப்பந்த மீறல்தான், லைனை மெதுவாக்கவோ வெட்டவோ அவர்களால் முடியும். நான் என்றால் வாரத்துக்கு இரண்டு நாள் வேலைக்காக அந்த விளையாட்டில் இறங்க மாட்டேன். ஹாட்ஸ்பாட் அளவு கூடுதலாக உள்ள திட்டத்துக்கு மாறுவேன், அல்லது மலேசியாவுக்கும் செல்லும் ரோமிங் டேட்டா சேர்ந்த சிங்கப்பூர் திட்டம் ஒன்றை எடுப்பேன்.

இப்போது ரூட். சிங்கப்பூரில் அன்றாட ஃபோனை ரூட் செய்யாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ரூட் செய்த ஃபோனில் அரசு சேவைகளுக்கான சிங்பாஸ் ஆப் ஓடாது. வங்கி ஆப்களும் முரண்டு பிடிக்கும். சிபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமிப்பு) பார்க்கவும் முடியாமல், பணம் அனுப்பவும் முடியாமல் ஹாட்ஸ்பாட் மட்டும் ஓடினால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஆசை தீராவிட்டால் அலமாரியில் தூங்கும் பழைய ஃபோனில் செய்து பாருங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து டெலிகிராம் குழுக்களில் சுற்றும் "ஆல் டெல்கோ ஹாட்ஸ்பாட் அன்லாக்" வகை ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும்) கோப்புகள். ஹாட்ஸ்பாட் ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியோ திரையைப் படித்து இயக்கவிடும் அக்சஸிபிலிட்டி அனுமதியோ எதற்கு? கேட்டால் அது உங்கள் வங்கி ஓடிபிக்காகத்தான். இங்கே 2023-இல் இப்படிப் பணத்தை இழந்தவர்கள் ஏராளம். அதன் பிறகுதான் 2024 பிப்ரவரியில் கூகுளும் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஎஸ்ஏவும் சேர்ந்து, அந்த மாதிரி அனுமதிகளைக் கேட்கும் வெளி ஏபிகேக்களை நிறுவும்போதே தடுக்கும் முறையை முதன்முதலில் சிங்கப்பூரில் சோதனையாகக் கொண்டுவந்தார்கள். அந்தத் தடுப்பு வந்தால், அதை அணைத்துவிட்டு நிறுவு என்று யாராவது சொன்னால், அந்தக் குழுவிலிருந்து வெளியேறுங்கள். மூலநிரல் பொதுவில் இருக்கிறதா, ப்ளே ஸ்டோர் அல்லது திறந்தநிரல் ஆப்களின் களஞ்சியமான எஃப்-டிராய்டில் இருக்கிறதா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், இவ்வளவு பார்த்தால் போதும். "ஃப்ரீ நெட் கான்ஃபிக்" என்று வரும் இன்ஜெக்டர் கோப்புகள் ஹாட்ஸ்பாட் சம்பந்தப்பட்டவையே அல்ல, டெல்கோ கட்டணம் பிடிக்காத தளங்களின் பெயரைச் சொல்லி ஓசியில் டேட்டா திருடுகிற வேலை, அதோடு உங்கள் போக்குவரத்து முழுக்க முகம் தெரியாத ஒருவரின் சர்வர் வழியாகப் போகும்.

தங்கும் விடுதியான டார்மில் அறை நண்பர்களுக்கு ஹாட்ஸ்பாட் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொடுங்கள், கடவுச்சொல் போட்டுக் கொடுங்கள். ஆனால் சிம்மையே கழற்றிக் கைமாற்றாதீர்கள். உங்கள் பெயரில் பதிந்த சிம்மைத் தப்பான காரியத்துக்குப் போக விடுவது 2025 ஜனவரி 1 முதல் இங்கே தனிக் குற்றம், அபராதம் 10,000 வெள்ளி வரை, சிறை மூன்று ஆண்டு வரை போகலாம்.

"இரண்டு டெல்கோவையும் சேர்த்து ஓட்ட முடியுமா" என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஃபோனில் முடியாது, இரட்டை சிம் இருந்தாலும் டேட்டா ஒரு நேரத்தில் ஒன்றில்தான். இரண்டு ஃபோன், ஒரு குட்டி ரவுட்டர், வாடகைக்கு ஒரு சர்வர் இருந்தால் ஓபன்எம்பிடிசிபிரவுட்டர் என்ற ஆர்வலர் திட்டம் இருக்கிறது. ஒரே இணைப்பைப் பல பாதைகளில் பிரித்து அனுப்பும் எம்பிடிசிபி நெறிமுறை 2020-இல் லினக்ஸ் 5.6 கெர்னலில் சேர்க்கப்பட்டது, இது அந்த நெறிமுறையின்மேல் ஓடுகிறது. சர்வரை சிங்கப்பூரிலேயே எடுத்தால் தாமதம் குறைவு. நேரலை ஒளிபரப்பு செய்பவர்களுக்குப் பிரயோசனம், உங்களுக்குத் தேவைப்படாது.

கேபிள் இருந்தால் வைஃபைக்குப் பதில் யுஎஸ்பி டெதரிங் போடுங்கள், ஃபோன் சூடாவது குறையும், சார்ஜும் ஏறும். மேக் என்றால் சில ஆண்ட்ராய்டு ஃபோன்களின் யுஎஸ்பி டெதரிங்கை அது அடையாளம் காணாது, முன்பு அதற்கு ஹார்ண்டிஸ் என்று ஒரு டிரைவர் இருந்தது, ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளில் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், வைஃபையிலேயே இருங்கள்.

முதலில் ஐஃபோனில் அந்தக் காலிப் பெட்டியை நிரப்பிப் பாருங்கள். மலேசிய சிம்முக்கு டெல்கோவின் ஆப்பைத் திறந்து ஹாட்ஸ்பாட் மிச்சம் என்று தனியாக ஒரு எண் காட்டுகிறதா என்று பாருங்கள். எண் இருந்து அது பூஜ்யமாக இருந்தால் காரணம் அதுதான். மிச்சம் இருந்தும் ஊர்கிறது என்றால் ஃபோன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, ஏபிஎன் டைப் வரியில் என்ன இருக்கிறது, மூன்றையும் எழுதுங்கள்.